அய்யன் எனக்குக் கற்றுத்தராத தொழில்

2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடவர் உடைக் காட்சியில், கோலாப்பூர் செருப்பை அப்படியே உரித்து வைத்தது போன்ற செருப்பைப் போட்டுக்கொண்டு மாடல்கள் நடந்தார்கள். பிராடா அதைத் தோல் செருப்பு என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டது. கோலாப்பூர் என்ற பேச்சே இல்லை. இங்கே எல்லோருக்கும் கோபம் வந்தது. வெள்ளைக்காரன் நம் பாரம்பரியத்தைத் திருடிவிட்டான் என்றார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பொருளாயிற்றே என்று சட்டம் பேசினார்கள். இந்தியக் கைவினையைப் பார்த்துத்தான் செய்தோம் என்று பிராடாவும் ஒப்புக்கொண்டது. டிசம்பரில், மகாராட்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு, 2,000 ஜோடிகளை இங்கேயே செய்து ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்கப்போவதாக அறிவித்தது. நம் பணத்தில் 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

இந்த ஆறு மாதக் கூச்சலில் நான் அதிகம் கேட்காத ஒரு சொல் உண்டு. சாதி. நம் பாரம்பரியம் என்கிறார்களே, அந்த 'நம்' யார்? கோலாப்பூர் செருப்புக்குத் தோல் பதனிட்டவர்கள் டோர்கள். தைத்தவர்கள் சாம்பார்கள், கர்நாடகப் பக்கம் சமகாரர்கள். அத்தனை பேரும் பட்டியல் சாதியினர். அவர்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்காத குடும்பங்கள்கூட அந்த 'நம்'முக்குள் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டன. செருப்பு நம்முடையது, தைத்தவன் மட்டும் நம்மவன் இல்லை!

இதில் எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்டால், என் அய்யனும் செருப்புத் தைத்து விற்றவர். கொங்கு நாட்டு அருந்ததியர் குடும்பம் எங்களுடையது. தெருமுனையில் உட்கார்ந்து அறுந்த வாரை ஒட்டிக் கொடுக்கும் வேலையையும் அவர் செய்திருக்கிறார். ஆனால் அவருடைய தொழில் அது அல்ல. பதனிட்ட தோலை ஈரோட்டில் வாங்கி வந்து, வெட்டி, தட்டி, தைத்து, ஒரு ஜோடியை முதலிலிருந்து கடைசிவரை கையாலேயே செய்வார். அதைப் புளியம்பட்டிச் சந்தையில் சாக்கு விரித்துப் பரப்பி விற்பார். இப்போது அரசு விண்ணப்பங்களில் 'பாரம்பரியக் கைவினைஞர் குடும்பம்' என்று அச்சடிக்கிறார்களே, அது நாங்கள்தான். அப்போது எங்களுக்கு இந்தப் பெயர் கிடையாது. என்ன பெயர் இருந்தது என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அந்த வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாரம்பரியம், கலை, மரபு என்று பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன வேலை என்றே தெரியாது.

மாட்டின் முதுகுத் தோல் வேறு, வயிற்றுத் தோல் வேறு. முதுகுப் பக்கம் கெட்டி, அடித்தோலுக்கு அதுதான் ஆகும். வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்குப் போகும். அதில் அடி வெட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது. கழுத்துத் தோலில் சுருக்கம் ஓடும். உண்ணி கடித்த தழும்பு, வேலிமுள் கீறிய கோடு, சூடு போட்ட இடம் என்று மாடு பட்டதெல்லாம் தோலில் இருக்கும். அய்யன் தோலை வெளிச்சத்தில் விரித்து, விரலால் அங்கங்கே மடக்கிப் பார்ப்பார். கரித்துண்டை எடுப்பதற்கு முன்பே இதில் எத்தனை ஜோடி தேறும் என்று சொல்லிவிடுவார். துண்டு வீணானால் அந்த வாரம் லாபம் இல்லை. கோணல்மாணலான ஒரு பரப்பில், ஒன்றுபோல் ஒன்று இல்லாத வடிவங்களை எப்படி அடுக்கினால் கழிவு குறையும் என்ற அந்தக் கணக்குக்கு இன்றைக்குத் தொழிற்சாலைகளில் தனியாக மென்பொருள் வாங்கி வைத்திருக்கிறார்கள். அய்யன் இரண்டாம் வகுப்போடு நின்றவர்.

அடித்தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். கால் தேயத் தேயத் தோல் தேயாமல் இருப்பது அந்தத் தட்டலில்தான் இருக்கிறது. குத்தூசியால் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலின் இரண்டு முனைகளையும் ஒரே துளையில் எதிரெதிராக விட்டு இழுத்துத் தைக்க வேண்டும். இப்படித் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிரியாது. மிஷின் தையல் ஓரிடத்தில் விட்டால் சரசரவென்று உருவிக்கொண்டு போகும். கடைசியில் விளக்கெண்ணெய் தடவி ராத்திரி முழுக்க வைத்தால் வார் இளகும், புதுச் செருப்பு கடிக்காது. ஒருவரே உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான்.

ஒருவரே உட்கார்ந்ததில்லை என்பதையும் எழுத வேண்டும். உள்தோலுக்குப் பசை காய்ச்சித் தடவியது, நூலை முறுக்கி மெழுகு ஏற்றியது, எண்ணெய் போட்டது எல்லாம் அம்மா. என் பாட்டி காலத்தில், வீட்டிலேயே தோல் பதனிட்டபோது, காட்டில் ஆவாரஞ்செடி வெட்டிப் பட்டை உரித்து உரலில் இடித்தது பெண்கள்தான். சுண்ணாம்புத் தண்ணீரில் கைவிட்டுத் தோலைப் புரட்டியதும் அவர்கள்தான். பாட்டியின் விரல் நகங்கள் கடைசிவரை பழுப்பாகவே இருந்தன. ஊர் சொன்னது 'செருப்புத் தைக்கிறவன்' என்று. ஊருக்கும் சரி, நம் ஆண்களுக்கும் சரி, அந்த வேலையில் பெண்கள் இருந்தது தெரிந்ததே இல்லை. இன்றைக்கும் திட்டங்களில் 'கைவினைஞர்' என்று போடும் படத்தில் தலைப்பாகை கட்டிய ஓர் ஆண்தான் உட்கார்ந்திருக்கிறான்.

இவ்வளவு நுட்பமான வேலைக்கு என்ன கிடைத்தது? என் தாத்தனுக்குக் காசு கிடையாது. கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் முழுக்கக் கவலையில் நடந்த காலம் அது. சாலின் அடியில் தொங்கும் தோல்வால் கிழிந்தால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லாவிட்டால் வெள்ளாமை இல்லை. ஆக, ஒரு பண்ணையத்தின் உயிர் அந்தத் தோலில் தொங்கியது. அதைச் செய்து, கிழிந்தபோதெல்லாம் ஓடிப்போய்த் தைத்துக் கொடுத்து, பண்ணாடி வீட்டு ஆட்களுக்கெல்லாம் செருப்பும் தைத்துக் கொடுத்தால், அறுப்புக் காலத்தில் களத்தில் இத்தனை வள்ளம் தானியம். செத்த மாட்டைத் தூக்குவது, இழவுக்குச் சேதி சொல்லப் போவது, பண்ணையத்தில் மாடு மேய்ப்பது எல்லாம் அந்த வள்ளத்துக்குள்ளேயே அடக்கம். விலை பேச முடியாது, வேறு ஆளுக்கு வேலை செய்யப் போக முடியாது, மாட்டேன் என்று சொல்ல முடியாது. இதைத்தான் இன்றைக்கு 'தன்னிறைவான கிராமப் பொருளாதாரம்' என்று சிலர் உருகி எழுதுகிறார்கள். மின்சார மோட்டார் வந்ததும் கவலை போயிற்று, தோல்வாலும் போயிற்று. அந்தக் கைவினை அழிந்ததற்கு எங்கள் வளவில் யாரும் அழுததாகக் கேள்விப்பட்டதில்லை.

அய்யன் காலத்தில் காசு வந்தது. காசோடு பழைய வழக்கமும் கூடவே வந்தது. சந்தையில் வாங்குகிறவர்கள் பணத்தைக் கையில் தரமாட்டார்கள். சாக்கில் போடுவார்கள், சில்லறை உருளும். ஊருக்குள்ளிருந்து சொல்லி அனுப்பிச் செய்யச் சொன்னால், கால் அளவுக்குப் பழைய செருப்பைத் திண்ணையிலிருந்து தூக்கிப் போடுவார்கள். மீசை முளைக்காத பையன், "டேய், அடுத்த வாரத்துக்குள்ள வேணும்டா" என்பான். அய்யன், "ஆகட்டுங் சாமி" என்பார். அந்தப் பையனுக்கு அவர் தாத்தா வயது.

செருப்பைத் தைத்தவர் அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது என்பதும் இதில் சேர்த்தி. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருந்த வழக்கம்தான், சில ஊர்களில் இன்னும் விட்டபாடில்லை. ஊர்த்தெரு முனையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். கரூர் தான்தோன்றிமலைப் பெருமாளுக்குச் செம்மாலி என்று பெரிய தோல் செருப்பு செய்து படைக்கிற வழக்கம் இருக்கிறது. பெருமாள் கனவில் வந்து கேட்பாராம், செய்து கொடுப்பது எங்கள் ஆட்கள். பக்தர்கள் அதைத் தலையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். சாமியின் காலுக்கு ஆகும், பக்தனின் தலைக்கு ஆகும், தைத்தவன் காலுக்கு மட்டும் ஆகாது. பார்ப்பனியத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய புத்தகம் எதுவும் வேண்டாம், அந்தச் செருப்பு ஒன்று போதும்.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தால் பிள்ளை என்னவாகும்? பள்ளியில் என் வகுப்பு வாத்தியார் ஒருவர் வார் அறுந்த செருப்பைக் காகிதத்தில்கூடச் சுற்றாமல் என்னிடம் கொடுத்து, "உங்கொப்பங்கிட்டக் குடுத்துத் தச்சுட்டு வாடா" என்றார். அதைப் புத்தகப் பைக்குள் வைக்கவும் முடியாது, கையில் பிடித்துக்கொண்டு போகவும் முடியாது. மறுநாள் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், காசு தரவில்லை. எனக்கு நடந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் வளவில் பள்ளிக்குப் போன அத்தனை பேருக்கும் இதுபோல ஒன்று இருக்கும். வெட்டியான் பிள்ளைக்கு ஒன்று இருக்கும், வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று இருக்கும். அப்பா செய்கிற தொழில் என்ன என்று வகுப்பில் எழுந்து சொல்லச் சொல்கிற வழக்கத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

ஆனாலும் அய்யன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்க எனக்குப் பிடிக்கும். கத்தி தோலில் இறங்கும் சத்தம் பிடிக்கும். குத்தூசியை எடுத்து ஒருநாள் துண்டுத் தோலில் துளை போட்டுப் பார்த்தேன். அய்யன் ஊசியைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னொருக்கா இதத் தொட்ட, கைய ஒடிச்சுப்போடுவேன். பொஸ்தகத்தத் தொடு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடைசிவரை அவர் எனக்கு ஒரு தையல்கூடச் சொல்லித் தரவில்லை. தம்பிக்கும் தரவில்லை. தன் அய்யனிடமிருந்தும் பாட்டனிடமிருந்தும் வந்த அத்தனை வித்தையையும் தன்னோடு முடித்துக்கொள்வது என்று அந்த மனுசன் முடிவெடுத்திருந்தார். யாரும் கூட்டம் போட்டு அவருக்கு வகுப்பெடுக்கவில்லை. அண்ணல் அம்பேத்கரின் படம்கூட அப்போது எங்கள் வீட்டில் இல்லை.

இதைத்தான் கைவினை ஆர்வலர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இந்தத் தொழில்கள் 'அழிந்தன', 'மறைந்தன', 'கைவிடப்பட்டன' என்று ஏதோ மழை பெய்யாமல் போனது மாதிரி எழுதுகிறீர்கள். ரப்பர் செருப்பு வந்தது, பிளாஸ்டிக் வந்தது, தோல் விலை ஏறியது என்பதெல்லாம் உண்மை. அதோடு இன்னொன்றும் நடந்தது. ஆயிரக்கணக்கான அப்பன்களும் அம்மாக்களும் வேண்டுமென்றே பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமல் இருந்தார்கள். அது இழப்பு இல்லை, மறுப்பு. சங்கம், கொடி, துண்டறிக்கை எதுவும் இல்லாமல் வீட்டு வாசலில் நடந்த ஒரு வேலைநிறுத்தம். நாட்டுப்புறக் கலை ஆய்வேடுகளில் 'வாரிசு இல்லாததால்' என்று ஒரு வரியில் கடந்து போகிறார்கள். வாரிசு இருந்தோம். எங்களுக்குக் கொடுக்கவில்லை.

அய்யன் போன பிறகு, ஒரு தனியார் கல்லூரியிலிருந்து வந்து, பாரம்பரியப் பொருட்காட்சி வைக்கிறோம், அவருடைய கத்தி, கல், குத்தூசியெல்லாம் தருவீர்களா என்று கேட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். அந்தக் கல்லூரியில் எங்கள் சாதிப் பேராசிரியர் எத்தனை பேர் என்று கேட்டேன். வந்தவர்கள் டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

அரசு இதில் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் மூன்று மணி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தந்தை பெரியார் தெருவில் இறங்கினார். 1954இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து அந்தத் திட்டத்தைத் தூக்கிப் போட்டார். அன்றைக்கு அது நடந்திருக்காவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், குத்தூசியோடு உட்கார்ந்திருப்பேன்.

எழுபது வருடம் கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று, ஒன்றிய அரசு பி.எம். விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள். தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளி, கூடை முடைபவர் என்று பட்டியல் போகிறது. இது தொழில் பட்டியலா, சாதிப் பட்டியலா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்குக் கூடை முடைந்துகொண்டிருக்கிற ஒரு தாய்க்கு 15,000 பெரிய பணம், வாங்கிக்கொள்ளட்டும். என் சண்டை வயதோடும் வழியோடும்தான். குரு-சீடர் மரபையும் குடும்ப வழித் தொழிலையும் வலுப்படுத்துவதே நோக்கம் என்று திட்டமே சொல்கிறது. 18 வயது ஆனால் போதும், பதிந்துகொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று வீடே விழித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளையின் கையில் இந்த விண்ணப்பம் வந்தால் என்ன ஆகும்? கல்விக் கடனுக்கு வங்கியில் ஏழு நடை நடக்க வேண்டும், குத்தூசிக் கடன் வீட்டு வாசலுக்கு வருகிறது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, இந்தத் திட்டத்தை இப்போதுள்ள வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியது. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. குறைந்தபட்ச வயது 35. திராவிடக் கட்சிகளை இந்தப் பக்கங்களில் நான் விட்டுவைப்பதில்லை, வேங்கைவயலை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது. ஆனால் இந்த 35 என்ற எண்ணை எழுதியவருக்கு ஒரு கும்பிடு போடலாம். படிக்கிற வயதுப் பிள்ளையை அது தொடவில்லை. அப்பனுக்குக் கடன் கொடு, பிள்ளையை விட்டுவிடு என்று என் அய்யன் சொன்னதையே அது வேறு மொழியில் சொல்கிறது.

அடுத்தது, பாரம்பரியம் என்று தலையில் தூக்கி வைக்கிறவர்கள் அந்தத் தொழிலைச் செய்கிறவரை உயிரோடு விடுகிறார்களா? 2015இல் மகாராட்டிரத்தில் காளைகளையும் எருதுகளையும்கூட அறுக்கத் தடை வந்தது. கோலாப்பூர் செருப்புக்கே தோல் தட்டுப்பாடு. 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்களை வண்டியில் கட்டி வைத்து, ஊர்வலம் நடத்தி, இரும்புக் கம்பியால் அடித்தார்கள். அடித்ததைப் படம் எடுத்து அவர்களே பரப்பினார்கள். சுரேந்திரநகர் தலித்துகள் செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆட்சியர் அலுவலக வாசலில் கொட்டினார்கள். உங்கள் மாதா, நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று திரும்பி நடந்தார்கள். என் அய்யன் உள்ளே இருந்து செய்ததை அவர்கள் வெளியே வந்து செய்தார்கள். அந்த ஊனா நடந்த அதே நாடுதான் ஒன்பது வருடம் கழித்து மிலானைப் பார்த்துப் பாரம்பரியம் போச்சே என்று கத்தியது.

நம் ஆட்களிடமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சிலர், அப்பன் தொழிலைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இருக்கையில் நெளிகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில், மாப்பிள்ளையின் அப்பா 'காலணி வணிகர்' ஆகிவிடுகிறார். புரிகிறது. ஆனால் தொழிலோடு சேர்த்து அந்த மூளையையும் நாமே குப்பையில் போடுகிறோம். தோலைப் பார்த்து மாட்டின் வயதைச் சொன்ன கண் அது. தாவரப் பட்டையிலிருந்து பதம் எடுத்த அறிவு அது. சென்னை அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதே கேள்விகளுக்கு ஆராய்ச்சி நடக்கிறது, முனைவர் பட்டம் கிடைக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.டெக். தோல் தொழில்நுட்பம் படித்தால் பொறியாளர். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோலில் வளர்ந்த முதலாளிகளை யாரும் தீட்டு என்று சொன்னதில்லை. தோலில் தீட்டு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். இழவுக்கு அடிக்க மாட்டோம் என்று நம் இளைஞர்கள் ஊர் ஊராக மறுத்தார்கள், அடி வாங்கினார்கள். அந்த மறுப்புக்குப் பிறகுதான் பறை மேடைக்கு வந்தது. இன்றைக்கு மென்பொருள் வேலை பார்க்கிற எந்தச் சாதிப் பிள்ளையும் சனி ஞாயிறுகளில் பறை கற்றுக்கொள்கிறது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசான் பத்மஸ்ரீ வாங்கினார், மகிழ்ச்சி. ஆனால் பயிற்சி முடித்த அந்தப் பிள்ளையை அதன் ஊரில் யாராவது செத்தால் அடிக்கக் கூப்பிடுகிறார்களா? கூப்பிட மாட்டார்கள், அதற்குச் சேரிக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். கலை எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது, கட்டாயம் மட்டும் பழைய விலாசத்திலேயே இருக்கிறது.

செருப்பு வேலைக்கு வெளியிலிருந்து ஆள் வந்த கதை தமிழில் ஒன்று உண்டு, முத்துப்பட்டன் கதை. நெல்லைச் சீமையில் வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள், பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்திருக்கிறார். பார்ப்பனப் பையன் முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களைக் காதலித்து, அவர்கள் அப்பா வாலப்பகடையிடம் பெண் கேட்கிறான். வாலப்பகடை சும்மா கொடுத்துவிடவில்லை. பூணூலை அறுக்க வேண்டும், குடுமியை எடுக்க வேண்டும், செருப்புத் தைக்க வேண்டும். அவனும் செய்கிறான். பிற்பாடு, அந்தப் பெண்களே பார்ப்பனக் குழந்தைகள்தான் என்று கதையைத் திருத்திப் பாடியும் விட்டார்கள், அது அவர்கள் வழக்கம். நான் சொல்ல வந்தது வாலப்பகடையைப் பற்றி. மருமகனிடம் அவர் வரதட்சணை கேட்கவில்லை, எங்கள் வேலையை நீ செய் என்றார். அந்த நிபந்தனையை அதற்குப் பிறகு யாரிடமும் யாரும் வைக்கவே இல்லை.

இப்போது வைக்கலாம். கோலாப்பூரோ கொங்கு நாடோ, இந்தத் தொழில் அழியக் கூடாது என்று உண்மையிலேயே நினைக்கிறவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தேடி வர வேண்டாம். இன்னும் நாலு ஊரில் கையால் செருப்புச் செய்கிற முதியவர்கள் இருக்கிறார்கள். பட்டம் கேட்காமல், கைவேலையைப் பார்த்து, மாதச் சம்பளத்துக்கு அவர்களைக் காலணி வடிவமைப்புக் கல்லூரிகளில் ஆசிரியராகப் போடுங்கள். கௌரவ விரிவுரையாளர், ஒரு நாள் பயிலரங்கம், பொன்னாடை, நினைவுப் பரிசு என்று ஏமாற்றாமல், ஓய்வூதியத்தோடு. அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்கட்டும், அவரை அய்யா என்று கூப்பிடட்டும். 800 யூரோவில் தைத்தவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பதை அந்த இரண்டு கழகங்களும் ரூபாய்க் கணக்கில் வெளியிடட்டும்.

கடைசியாக ஒன்று. அந்த 35 வயது நிபந்தனை ஓர் அரசாணையில் இருக்கிறது, சட்டத்தில் இல்லை. நாளைக்கு எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், இளைஞர் நலன், திறன் வளர்ப்பு என்று ஏதாவது சொல்லி அதை 18 ஆக்க ஒரு கையெழுத்துப் போதும். மாவட்டத் தொழில் மையத்தில் அறிவிப்புப் பலகையைப் பார்க்கிற பழக்கமுள்ள தோழர்கள் இதை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். மாற்றினால் அன்றைக்கே சொல்லி அனுப்புங்கள்.